லாரி அதிர்வா, கருந்துளை மோதலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கருந்துளைகள் போன்றவை மோதும்போது எழும் ஈர்ப்பலைகளை அளப்பதற்காக மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா ஆய்வகம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டித் தேவகோட்டை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். வாசகர் இரண்டு கேள்விகளை எழுப்பியிருந்தார். ரூ.2,600 கோடி செலவில் இப்படி ஓர் ஆய்வகம் நமக்குத் தேவைதானா என்பது முதற்கேள்வி. புரோட்டானைவிடச் சிறிய அசைவை அளப்பதாகச் சொல்கிறவர்கள், சாலையில் போன லாரியின் அதிர்வையே கருந்துளைகளின் மோதல் என்று எண்ணிவிடவில்லை என்பதற்கு என்ன உறுதி என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் விடை சொல்லக்கூடும். இரண்டாவது கேள்வியை யாரும் கிண்டல் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஈர்ப்பலை ஆய்வில் ஈடுபட்டுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களின் உழைப்பில் கணிசமான பகுதி, வாசகர் கேட்ட அதே கேள்விக்கு விடை காண்பதில்தான் செலவாகிறது.

அதற்கு முன் கட்டுரையைப் பற்றி ஒரு சொல். 'விண்வெளியின் ஓசையைக் கேட்டார்கள்' என்று அதில் இருந்தது. ஓசை பரவக் காற்று, நீர் போன்ற ஓர் ஊடகம் வேண்டும். ஈர்ப்பலைகளோ வெளியும் காலமும் கலந்த பரப்பிலேயே உண்டாகும் நெளிவுகள். லைகோ கருவிகள் பதியும் அதிர்வெண்கள் மனிதச் செவிக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால், பதிவான எண்களை ஒலிபெருக்கியில் செலுத்திக் கேட்க முடிகிறது என்பது உண்மை. அது ஆய்வாளர்கள் நமக்காகச் செய்து காட்டும் வசதியே தவிர, விண்ணிலிருந்து வந்த ஓசை அல்ல. கட்டுரையாளர் நிலத்தையும் கோடிகளையும் விவரித்த அளவுக்கு, வந்து குவியும் தரவை என்ன செய்வார்கள் என்பதை விவரிக்கவில்லை. வாசகருக்கு ஐயம் எழுந்ததற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அசைவு எவ்வளவு சிறியது என்பதிலிருந்து தொடங்குவோம். 2015 செப்டம்பர் 14-ஆம் நாள், இந்திய நேரப்படி பிற்பகல் 3.20 மணிக்கு, அதாவது அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு மூன்று நாள் முன்னர், அமெரிக்காவின் இரண்டு லைகோ கருவிகளிலும் பதிவான முதல் ஈர்ப்பலை, நீளத்தில் கோடி கோடி கோடியில் ஒரு பங்கு மாற்றத்தையே உண்டாக்கியது. கருவியின் ஒவ்வொரு கையும் நான்கு கிலோமீட்டர் நீளம். அந்த நான்கு கிலோமீட்டரில் ஏற்பட்ட மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கைகளில் அனுப்பி, ஆடிகளுக்கு இடையே ஏறத்தாழ 300 முறை எதிரொளிக்கச் செய்து, மீண்டும் ஒன்றுசேர்த்து, ஒரு கை மற்றொன்றைவிட எவ்வளவு நீண்டது என்று பார்க்கிறார்கள். இந்த நிலையில் லாரி என்ன, தொலைவிலுள்ள கடற்கரையில் மோதும் அலைகூடக் கருவிக்குத் தெரியும். லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஆய்வகத்தைச் சுற்றியுள்ள காட்டில் மரம் வெட்டுவதும், அருகே ரயில் போவதும் அங்குள்ளவர்களுக்கு அன்றாடத் தலைவலி. ஆகவே வாசகரின் ஐயத்தில் பாதி சரி: லாரி பதிவாகத்தான் செய்கிறது.

மீதிப் பாதிக்கு வருவோம். 40 கிலோ எடையுள்ள ஆடிகளை நான்கடுக்கு ஊசலாக, உருகிய சிலிக்காவால் செய்த மெல்லிய இழைகளில் தொங்கவிட்டிருப்பதால், ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 10 அதிர்வுகளுக்கு) மேற்பட்ட நில அதிர்வுகள் ஆடியை எட்டுவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அதற்குக் கீழே நிலம்தான் ஆட்சி செய்கிறது. அங்கே இந்தக் கருவிகளைக் கொண்டு யாரும் ஈர்ப்பலையைத் தேடுவதில்லை. மேலே போனால் இழைகளின் வெப்ப அதிர்வு. அதற்கும் மேலே, ஒளி தனித்தனி ஃபோட்டான்களாக வந்து விழுவதால் எழும் இரைச்சல். இடையிடையே ஆணி அடித்தாற்போல் நிற்கும் தனிக் கோடுகள்: அமெரிக்க மின்வழங்கலின் 60 ஹெர்ட்ஸ் (ஹிங்கோலியில் அது 50 ஆக இருக்கும்), தொங்கும் இழைகள் வீணைத் தந்திபோல் அதிர்வதால் 500 ஹெர்ட்ஸை ஒட்டி எழும் கோடுகள். வினாடிக்கு 16,384 எண்கள் வீதம் இரவும் பகலும் பதிவாகும் இந்தத் தரவின் பெரும்பகுதி இரைச்சலே. பகுப்பாய்வின் முதல் வேலை விண்ணைத் தேடுவதன்று. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று அளந்து, இரைச்சல் மிகுந்த பகுதியின் மதிப்பைத் தாழ்த்தி, குறைந்த பகுதிக்கு உரிய எடையைத் தருவதே முதல் வேலை.

லாரி இன்னொரு வழியிலும் உள்ளே நுழையப் பார்க்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு நேர்மை செய்தவனாக மாட்டேன். ஆடி அசையாவிட்டாலும், அதிலிருந்து சிதறிய சிறிதளவு ஒளி, அதிர்ந்துகொண்டிருக்கும் வேறொரு பரப்பில் பட்டுத் திரும்பிக் கற்றையோடு கலந்துவிட்டால், மெதுவான நில அதிர்வு அதைவிட உயர்ந்த அதிர்வெண்களில் வில்வில்லாகத் தடம் பதிக்கும். ஊசல் இதைத் தடுக்காது. இத்தகைய திடீர்த் தடங்களை அத்துறையினர் 'கிளிட்ச்' என்கிறார்கள். இவற்றுக்குப் பல வடிவங்கள் உண்டு. காரணம் இன்னும் பிடிபடாத வகைகளும் உண்டு. இவற்றைப் படம் பார்த்து வகைப்படுத்தும் பணியில் பொதுமக்களையே ஈடுபடுத்தும் 'கிராவிட்டி ஸ்பை' என்ற திட்டம் 2016 முதல் இணையத்தில் நடந்துவருகிறது. இதில் சேர அறிவியல் பட்டம் ஏதும் தேவையில்லை.

அப்படியானால் கிளிட்சையும் ஈர்ப்பலையையும் பிரித்தறிவது எப்படி? முதல் பாதுகாப்பு, கருவிகள் இரண்டு என்பதே. லிவிங்ஸ்டனுக்கும் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டுக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் செல்லும் ஈர்ப்பலை ஓரிடத்தைக் கடந்து மற்றோரிடத்தை அடைய அதிகபட்சம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு போதும். நில அதிர்வு அதே தொலைவைக் கடக்கச் சில நிமிடங்கள் ஆகும். 2015-இல் லிவிங்ஸ்டனில் முதலில் பதிவான அலை, 6.9 மில்லி வினாடி கழித்து ஹான்ஃபோர்டில் அதே வடிவத்தில் பதிவானது. லிவிங்ஸ்டன் சாலையில் போன லாரி அந்த நேரத்துக்குள் ஹான்ஃபோர்டை உலுக்க வழியே இல்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. இத்துறையின் பழைய காயமும் இதுவே. இரண்டு இடங்களில் இரண்டு வேறு கிளிட்சுகள் தற்செயலாக ஒரே நேரத்தில் நிகழலாம் அல்லவா? மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெபர் 1960-களில் பெரிய அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பலைகளைத் தேடினார். ஒன்று மேரிலாந்தில், மற்றொன்று சிகாகோ அருகே. இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்கின்றன என்று 1969-இல் அறிவித்தார். உலகின் பல ஆய்வகங்கள் அதே போன்ற உருளைகளை அமைத்துப் பார்த்தன. யாருக்கும் அலை அகப்படவில்லை. பின்னர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினரின் தரவோடு தம் தரவை ஒப்பிட்ட வெபர், அங்கும் ஒத்த நிகழ்வுகளைக் கண்டதாகச் சொன்னார். இரு தரப்புக் கடிகாரங்களும் வெவ்வேறு நேர முறையில் இயங்கியதும், அவர் ஒப்பிட்ட பதிவுகளுக்கிடையே நான்கு மணி நேர வித்தியாசம் இருந்ததும் அதன்பின்னரே தெரியவந்தன. நான்கு மணி நேரம் விலகிய பதிவுகளில் 'ஒரே நேர' அதிர்வுகள் தென்பட்டன என்றால், அவை விண்ணிலிருந்து வந்தவை அல்ல. வெபர் ஏமாற்றுக்காரர் அல்லர். இத்துறைக்கு வித்திட்டவர் அவரே. தற்செயல் எத்தனை முறை நிகழும் என்பதைத் தேடுவதற்கு முன்பே அளந்து வைக்கவில்லை என்றால் திறமைசாலியும் தடுமாறுவார் என்பதற்கு அவர் கதை சான்று.

இன்று அந்தத் தற்செயலை அளக்கும் முறை, நம் பக்கத்துப் பழைய கொடுக்கல் வாங்கல் கணக்கை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவர் ஏட்டை மற்றவர் பாராமல் தனித்தனியே வரவு எழுதி வருகிறார்கள் என்று கொள்வோம். சித்திரை ஐந்தாம் நாள் இருவர் பேரேட்டிலும் 375 ரூபாய் என்று இருக்கிறது. இருவரும் எழுதியது ஒரே வரவையா, அல்லது தொகை மட்டும் தற்செயலாக ஒத்துப்போன இரண்டு தனி வரவுகளையா? இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஒருவர் ஏட்டின் சித்திரைப் பக்கத்தை மற்றவர் ஏட்டின் வைகாசிப் பக்கத்தோடு வேண்டுமென்றே ஒப்பிட வேண்டும்; பிறகு ஆனிப் பக்கத்தோடு; பிறகு ஆடிப் பக்கத்தோடு. நாள் வேறு என்பதால் அங்கே ஒத்துப்போகும் தொகைகள் அனைத்தும் தற்செயலே என்பது உறுதி. அப்படி எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணிவிட்டால், ஒரே நாளில் ஒத்துப்போனதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடலாம்.

லைகோ ஆய்வாளர்கள் செய்வதும் இதுதான். முதல் அலை பதிவானபோது கருவிகள் முறையான ஆய்வோட்டத்தைத் தொடங்கக்கூட இல்லை. அது செப்டம்பர் 18-ஆம் நாள்தான் தொடங்கியது. அலை கண்ணில் பட்டதும், கருவியின் அமைப்பில் எதையும் மாற்றாமல் அதே நிலையில் ஓடவிட்டு, இரண்டு கருவிகளும் சேர்ந்து இயங்கிய 16 நாள் தரவைத் திரட்டினார்கள். பின்னர் ஒரு கருவியின் தரவை மற்றொன்றுக்கு எதிராக 0.1 வினாடி நகர்த்தி ஒப்பிட்டார்கள், மறுபடி 0.1 வினாடி, மறுபடியும். ஈர்ப்பலை எடுத்துக்கொள்ளும் பயண நேரத்தைவிட இந்த நகர்த்தல் பெரிது என்பதால், கிடைப்பவை அனைத்தும் தற்செயல்களே. ஒரு கோடிக்கும் மேற்பட்ட இத்தகைய நகர்த்தல்களால், 16 நாள் தரவிலிருந்து ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு ஈடான தற்செயல் கணக்கை உருவாக்கினார்கள். அந்த ஆறு லட்சம் ஆண்டுகளில் செப்டம்பர் 14-ஆம் நாள் நிகழ்வுக்கு ஈடான வலிமையுள்ள தற்செயல் ஒன்றுகூட இல்லை. தேடலை மூன்று வகையாகப் பிரித்துச் செய்திருந்ததால் அந்த எண்ணையும் மூன்றால் வகுத்து, இத்தகைய பொய்யான நிகழ்வு 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நேரும் என்று வெளியிட்டார்கள். தமக்குச் சாதகமான எண்ணைத் தாமே மூன்றால் வகுத்துக்கொண்ட அந்த ஒரு செயல் போதும், இவர்களின் கணக்கு வழக்கை நான் நம்ப.

வலிமை என்று எதைச் சொல்கிறேன் என்பதையும் விளக்க வேண்டும். இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கும்போது, அலையின் அதிர்வெண்ணும் வீச்சும் எவ்வாறு ஏறும் என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டு முன்கூட்டியே கணித்துவிடலாம். முதல் அலை 35 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை, ஐந்தில் ஒரு பங்கு வினாடிக்குள் ஏறி அடங்கியது. அந்த ஏற்றத்தின் வேகமே நிறைகளைச் சொல்லிவிடுகிறது: சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 மடங்குள்ள ஒன்றாயின, எஞ்சிய மூன்று சூரியன்களின் நிறை அலையாற்றலாக வெளியேறி, 130 கோடி ஆண்டுகள் பயணித்து நம்மை வந்தடைந்தது. நிறைகள் முன்கூட்டித் தெரியாது என்பதால், ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாதிரி அலைவடிவங்களைக் கணினியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தரவின் மீது ஓடவிட்டு எது பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். பொருந்தினால் மட்டும் போதாது. அந்தப் பொருத்தம் எல்லா அதிர்வெண்களிலும் கோட்பாடு சொல்லும் விகிதத்தில் பரவியிருக்கிறதா, அல்லது ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறதா என்று தனியே சோதிக்கிறார்கள். கிளிட்ச் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் மாட்டிக்கொள்கிறது. 2015-இன் முதல் அலை, இரைச்சலைச் சற்றே நீக்கினால் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வலிமையானது. அதே ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் பதிவானது அப்படியல்ல. ஒரு வினாடி நீடித்த அது இரைச்சலுக்குள் முழுவதுமாக மூழ்கிக் கிடந்தது. மாதிரி வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் முறை இல்லாதிருந்தால் அப்படி ஒன்று வந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த முறையை வளர்த்ததில் நம் நாட்டவர்களின் பங்கு, கட்டுரையில் ஒரு வரியாவது பெற்றிருக்க வேண்டும். மோதி முடிந்த கருந்துளை, அடித்த மணிபோல் அதிர்ந்து அடங்கும் என்பதை 1970-இல் காட்டியவர் சி.வி.விஸ்வேஸ்வரா. புனேயில் உள்ள ஐயூகா ஆய்வு மையத்தில் சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ்.சத்யபிரகாஷும், லைகோ கட்டப்படுவதற்கு முன்பே 1990-களின் தொடக்கத்தில், எத்தனை மாதிரி வடிவங்கள் தேவை, அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஆராய்ந்தனர். சுற்றி நெருங்கும் காலத்து அலைவடிவத்தைத் துல்லியமாகக் கணித்தவர்களில் பாலா ஐயர் ஒருவர். நம் மாநிலத்திலேயே சென்னை கணிதவியல் கழகத்தில் இந்த ஆய்வு நடக்கிறது. இவர்களில் எவருக்கும் நான்கு கிலோமீட்டர் நீளக் கருவி தேவைப்படவில்லை.

மீண்டும் லாரி. ஆய்வக வளாகமெங்கும் நில அதிர்வுமானிகள், ஒலிவாங்கிகள், காந்தமானிகள், காற்றுவேகமானிகள் என்று வைத்திருக்கிறார்கள். கருவியின் சொந்த நிலையைச் சொல்லும் அளவீடுகளையும் சேர்த்தால், இரண்டு லட்சம் துணைப் பதிவுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஈர்ப்பலைபோல் ஒன்று தென்பட்டால், அந்த நொடியில் இந்தத் துணைப் பதிவுகளில் ஏதாவது துள்ளியதா என்று தேடுகிறார்கள். 2015 நிகழ்வைச் சோதித்தபோது, அதே நொடியில் ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவுக்கு மேலே மிக வலிய மின்னல் ஒன்று வெட்டியிருந்தது தெரியவந்தது. அதையும் விட்டுவிடவில்லை. அந்த மின்னலின் காந்தப்புலம் கருவியை எந்த அளவுக்கு அசைத்திருக்கக் கூடும் என்று கணக்கிட்டு, பதிவான அலையை அது உண்டாக்கியிருக்க முடியாது என்று உறுதிசெய்த பிறகே அதை ஒதுக்கினார்கள். 2017 கோடையில் ஹான்ஃபோர்டில் விளங்காத துள்ளல்கள் சில தென்பட்டன. ஒலிவாங்கிப் பதிவைக் கேட்டபோது கொத்தும் ஓசை. திரவ நைட்ரஜன் செல்லும் குழாயின் மீது படிந்த உறைபனியை அண்டங்காக்கைகள் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. லாரியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஐயுறும் வாசகருக்கு, காக்கையைக் கண்டுபிடித்த இந்தச் செய்தி ஆறுதல் தரும்.

இவற்றையெல்லாம்விட என்னை ஈர்த்தது, அவர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொண்ட விதம். 2010 செப்டம்பர் 16-ஆம் நாள் இரண்டு கருவிகளிலும் அருமையான ஓர் அலை பதிவானது. பெருநாய் விண்மீன் குழுவின் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியதால் அதற்குப் 'பெருநாய்' என்றே செல்லப்பெயர் வைத்தார்கள். மாதக்கணக்கில் பகுப்பாய்ந்து, வெளியீட்டுக்கான கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். ஆனால் கருவிக்குள் ஆடிகளை அசைத்துப் போலி அலையைப் புகுத்தும் அதிகாரம் சிலருக்கு மட்டும் தரப்பட்டிருந்தது என்பதும், புகுத்தினார்களா இல்லையா என்பது மற்றவர்களுக்குச் சொல்லப்படாது என்பதும் அனைவரும் முன்பே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. 2011 மார்ச் மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த கூட்டத்தில், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், உண்மையை எழுதி மூடி வைத்திருந்த உறையைப் பிரித்தார்கள். அந்த அலை போலி. ஏமாற்றம் இருந்திருக்கும், ஆனால் அலை வந்தால் தங்கள் முறை அதைப் பிடித்துவிடும் என்பதும், உண்மையா போலியா என்று தெரியாத நிலையிலும் தாங்கள் ஒழுங்காக வேலை செய்வோம் என்பதும் அன்று நிலைநாட்டப்பட்டன. 2015-இல் உண்மையான அலை வந்தபோது பலரும் முதலில் கேட்ட கேள்வி, 'இதுவும் புகுத்தியதுதானா?' என்பதே. அப்போது புகுத்தல் ஏதும் நடைபெறவில்லை என்பதை உறுதிசெய்ததோடு நில்லாமல், யாரேனும் கள்ளத்தனமாகப் புகுத்தியிருக்க வாய்ப்புண்டா என்றும் ஆராய்ந்தார்கள். அறிவிப்பு வெளிவந்தது 2016 பிப்ரவரி 11-ஆம் நாள், ஐந்து மாதங்களுக்குப் பிறகு.

மிகுந்த எச்சரிக்கையால் உண்மையான அலையைத் தவறவிடும் ஆபத்தும் உண்டு என்பதை 2017 ஆகஸ்ட் 17-ஆம் நாள் காட்டியது. இந்திய நேரப்படி மாலை 6.11 மணிக்கு, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை ஏறத்தாழ நூறு வினாடி நீளத்துக்குப் பதிவானது. மோதலுக்கு ஏறத்தாழ ஒரு வினாடி முன்னர் லிவிங்ஸ்டன் தரவில் பெரிய கிளிட்ச் ஒன்று குறுக்கிட, தானியங்கித் தேடல் ஹான்ஃபோர்டின் பதிவை மட்டுமே அறிவித்தது. மோதலுக்கு 1.7 வினாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பொன்றைப் பதிவுசெய்திருந்தது. ஆய்வாளர்கள் லிவிங்ஸ்டன் தரவைத் திறந்து பார்த்தபோது, கிளிட்சின் குறுக்கே அலையின் தடம் தெளிவாக ஏறிச் செல்வதைக் கண்டார்கள். கிளிட்சைக் கணித்துக் கழித்துவிட்டு, இத்தாலியின் விர்கோ கருவியில் அலை மிக மங்கலாக இருந்ததையும் துணைக்கொண்டு, வானில் 28 சதுர பாகை அளவுக்கு இடத்தைக் குறுக்கினார்கள். பதினோரு மணி நேரத்துக்குள் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் அந்த மோதலின் ஒளியைக் கண்டுபிடித்தது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்ற கருத்துக்கு அந்த ஒளி வலுவான சான்று தந்தது. நம் வீட்டுத் திருமண நகையான கழுத்துருவின் பொன்னிலும் ஒரு பங்கு இவ்வழி வந்ததாக இருக்கலாம் என்பதைப் பவுன் விலை பார்க்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

அங்கேதான் ஹிங்கோலியின் பொருத்தமும் இருக்கிறது. அலை எத்திசையிலிருந்து வந்தது என்பதைக் கருவிகளுக்கிடையிலான நேர வித்தியாசமே சொல்கிறது. கருவிகள் எவ்வளவுக்கெவ்வளவு விலகியும் ஒரே கோட்டில் அமையாமலும் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு திசை துல்லியமாகும். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தத் திட்டத்தின் செலவைப் பற்றி விவாதிப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் வற்புறுத்த விரும்புவது வேறு. லைகோ, விர்கோ கருவிகளின் தரவு, உரிய காலம் கழிந்ததும் உலகத்தார் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இலவசமாக வெளியிடப்படுகிறது. 2015 நிகழ்வைச் சூழ்ந்த 32 வினாடித் தரவு, வினாடிக்கு 4,096 வீதம் 1,31,072 எண்கள்; ஒரு மெகாபைட் அளவுதான். பைத்தான் என்னும் கணினி நிரல்மொழி தெரிந்த மாணவர் சாதாரண மடிக்கணினியில் அதை இறக்கி, இரைச்சலை அளந்து, மாதிரி வடிவத்தைப் பொருத்தி, அந்த அலையைத் தாமே கண்டுவிடலாம். ஒரு கருவியின் தரவைச் சற்றே நகர்த்தி வைத்து, பொருத்தம் எப்படிக் காணாமற் போகிறது என்றும் பார்க்கலாம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் இயற்பியல் துறைகள் இருக்கின்றன. தரவு அறிவியல் என்ற பெயரில் புதிய பட்டப்படிப்புகளும் தொடங்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பயிற்சிக்குத் தரப்படுபவை பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே துடைத்துச் சுத்தமாக்கிய அட்டவணைகள். இயற்பியல் ஆய்வகத்திலோ நிலைமை இன்னும் மோசம். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்பது மாணவருக்கு முன்பே தெரியும். பதிவேட்டில் விடையை எழுதிய பிறகு அதற்கேற்ற அளவீடுகள் எழுதப்படுவதைத் தமிழகத்தில் இயற்பியல் கற்பித்த எவரும் பார்த்திருப்பார்கள். இரைச்சலே இல்லாத பதிவேடுகளை எழுதிப் பழகியவர்களால், லாரிக்கும் கருந்துளைக்கும் வேறுபாடு சொல்ல முடியாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தந்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகமான 'சிக்ரி' வந்தது. 1953-இல் அது திறக்கப்பட்டது. அந்த நாளில் தேசிய அளவிலான ஆய்வில் ஓர் ஊர் பங்கேற்க நிலம் வேண்டியிருந்தது. இந்தப் பணிக்கு நிலம் வேண்டாம். பருவத்துக்கு ஒரு செயல்முறைத் தாளும், அதை நடத்த ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும், தடையில்லாத இணைய இணைப்பும் போதும். லைகோ-இந்தியா இயங்கத் தொடங்குவதற்குள் இங்கிருந்து நான்கு மாணவர்களாவது அந்தத் தரவைப் படிக்கத் தெரிந்தவர்களாக அங்கே செல்ல வேண்டும் என்று இப்பகுதிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களை வேண்டுகிறேன்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2019 ஏப்ரல் முதல், ஆய்வோட்டங்கள் நடக்கும் காலங்களில் ஈர்ப்பலை பதிவானது குறித்த முதல்நிலை அறிவிப்புகள் சில நிமிடங்களுக்குள் பொதுவெளியில் வெளியிடப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை கருவிகளில் பதிவானது, அதுபோன்ற பொய்யான நிகழ்வு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை நேரும், மோதியவை கருந்துளைகளாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற விவரங்கள் இருக்கும். அறிவித்த பின், கிளிட்ச் என்று தெரிந்து விலக்கிக்கொள்ளப்பட்டவையும் உண்டு. இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, மோதலின் கற்பனைப் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை அந்த எண்களுக்கும் ஒதுக்க வேண்டும். அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டால், அந்தச் செய்தியையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
இயற்பியல் பேராசிரியர் (ஓய்வு),
காரைக்குடி.